கோழிக்கடை வாசலில் அழுத நிலாந்தி

தீவுப்பகுதிக் கிராமமான சுருவிலில் நிலாந்தியைப் பற்றி யாராவது விசாரித்தால் ஊரிடம் நெடுங்காலம் ஒரே பதில்தான் இருந்தது. "அவள் வீட்டில இருக்கிறாள்." வீட்டில் இருந்தபடியே அவள் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறினாள், மாடு பார்த்தாள், தாய்க்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்த காலமெல்லாம் குசினிச் சமையலையும் பார்த்தாள். அதொன்றும் கணக்கில் வராது. கலியாணம் சரிவராத பெண் என்ன பாடுபட்டாலும் சும்மா இருக்கிறவள்தான். ஊர் அப்படித் தீர்த்துவிட்டால் அதற்கு மேலே போய் முறையிட ஒரு நீதிமன்றமும் கிடையாது.

முப்பத்தாறு வயது தாண்டியபிறகு அவளுக்குக் கோழிக்கடை வந்தது. கனடாவில் இருக்கும் தியாகலிங்கம், சந்தியில் வெறுமனே கிடந்த தன் காணியில் கண்ணாடி போட்ட கடையொன்றைக் கட்டி, 'ஐலண்ட் சிக்கின்' என்று சிவப்புப் பலகை மாட்டினார். பார்த்து நடத்தத் தன் மருமகன் ஆரூரனை வைத்தார். பொரித்த கோழி, பேகர், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் கிடைக்கும். நிலாந்தி வேலை கேட்டுப் போகப்போகிறேன் என்றபோது தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தகப்பன் தம்பையாதான், "போகட்டும் விடு, களவெடுக்கவே போறாள்?" என்று முடித்து வைத்தார்.

கடையில் மூன்று பெண்கள். நிலாந்திக்கு எண்ணெய்ச் சட்டி. இரண்டு கையிலும் எண்ணெய் தெறித்த புள்ளிகள் ஆறுவதற்குள் புதியவை வரும். அவளுக்கு அது பொருட்டில்லை. கடை கொடுத்த சிவப்பு ரீசேட்டை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் தோய்த்து, ஒழுங்கையால் போகிறவர் கண்ணில் படும்படி வேலியோரக் கொடியில் காயப்போடுவாள். "அவள் வேலைக்குப் போறாள்" என்று ஊர் சொல்லத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவள் நின்றகாலில் கொதி எண்ணெய்க்கு முன்னால் நாள் முழுக்க நிற்பாள். சம்பள நாளில் தகப்பனுக்குக் கோழிக்கால் ஒன்று காசு கொடுத்து வாங்கிப்போவாள். தம்பையா "எண்ணெய் கூடிப்போச்சு" என்று குறை சொல்லிக்கொண்டே எலும்புவரை சூப்பி முடிப்பார்.

அந்த வருடம் அரசாங்கம் ஆகக்குறைந்த சம்பளத்தைக் கூட்டியது. கடைப் பெண்கள் மூவருக்கும் கிடைத்தது அதைவிட நன்றாகக் குறைவு. கேட்கப் போவது யார் என்று வந்தபோது மற்ற இருவரும் நிலாந்தியைப் பார்த்தார்கள். அவள் வாழ்க்கையில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டு வாங்காதவள். இரண்டு நாள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு ஆரூரனிடம் போனாள்.

"மாமாவோட கதைச்சனான் அக்கா. வாற மாதத்தில இருந்து தாறம் எண்டவர்" என்றான் ஆரூரன். நிலாந்திக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அன்று அவள் பொரித்த கோழியில் ஒரு துண்டுகூடக் கருகவில்லை.

அதே கிழமையில்தான் அன்ரனிதாசின் செய்தி எல்லார் கைத்தொலைபேசியிலும் ஓடியது. அன்ரனிதாஸ் யாழ்ப்பாணத்தில் இருந்து யூரியூப்பில் செய்தி வாசிப்பவர். கழுத்துப் பட்டியும் கட்டி, வீட்டில் குழந்தை செத்ததுபோல ஒரு குரலும் வைத்திருப்பார். அமெரிக்காவில் பேகர் கடை வேலையாட்களுக்குச் சம்பளம் கூட்டினார்களாம். அடுத்த கிழமையே கடைகள் வரிசையாகப் பூட்டுப்பட்டனவாம். மிச்சக் கடைகளில் ஆட்களுக்குப் பதிலாக மெசினாம். பூட்டிய கடைகளின் படமும் காட்டினார். கடை வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. பனிக்குப் பூட்டிய கடையோ சம்பளத்துக்குப் பூட்டிய கடையோ, யார் கேட்டது? சுருவிலில் பனியைக் கண்டவர் இல்லை. கனடாவில் கண்டவர்கள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "உங்களுக்கும் இதுதான் வரப்போகுது" என்று கடைக்கு வந்த ஒரு வாத்தியார் கோழியைக் கடித்தபடி நிலாந்திக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நிலையில் தம்பையா செத்தார். காலையில் தோட்டத்துக்குப் போனவர் கிணற்றடியில் இருந்தபடியே போய்விட்டார்.

ஊரில் செத்தவீடு என்றால் பிரேதம் சந்தியைத் தாண்டிப் போகும்வரை கடைகளைப் பூட்டிவிடுவார்கள். யாரும் சொல்லத் தேவையில்லை. ஆரூரனும் கோழிக்கடையைப் பூட்டிவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுக்க வந்தான். நல்ல பிள்ளை என்று ஊர் சொன்னது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஒழுங்கை முடியும் இடம்வரை அழுதுகொண்டு போய், அங்கே நின்றுவிடுவார்கள். நிலாந்தி வீட்டு ஒழுங்கை முடிவது கோழிக்கடை வாசலில். தகப்பன் சந்தி திரும்பி மறைந்தபோது நிலாந்தி பூட்டிய கடையின் இரும்புக் கதவில் சாய்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உடன் வேலை செய்யும் சயந்தினியும் மற்றவளும் பூட்டிய கையோடு வந்தவர்கள், சிவப்பு ரீசேட்டோடேயே அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து அன்ரனிதாசின் வான் வண்டி வந்தது. சம்பளக் கூட்டலால் தீவுப்பகுதிக் கடைகள் படும்பாட்டைப் படம்பிடிக்கப் புறப்பட்டு வந்தவர், வழியில் ஒரு கடையும் பாடுபடக் காணாமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தவர். சந்தியில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. சுடலைப் பக்கம் செத்தவீட்டு வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனுக்கு அது என்னவென்று விளங்காமல் இராது. விளங்கியதால்தான் கொடி விழாதபடி கமராவைத் திருப்பினார். வெடிச்சத்தத்தை வெட்டிவிட்டு வயலின் போட்டார்.

'கூலி கூடியது, கடை பூட்டியது: தீவகத்தில் கதறும் பெண்கள்.' மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். கீழே எழுதியவர்களில் பாதிப்பேர் தீவுக்காரர். செத்தவீட்டுக்குக் கடை பூட்டும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். குளிர்நாட்டில் இருந்து அது மறந்துபோயிற்று. "கூடக் கேட்டவை, இப்ப இருந்து அழட்டும்" என்று ஒருவர் எழுத, நூறு பேர் சிரித்த முகம் போட்டார்கள். அப்பாவை எரித்த சாம்பல் ஆறமுன்னர் சயந்தினி அதை நிலாந்திக்குக் கொண்டுவந்து காட்டினாள். நிலாந்தி தன் முகத்தைத் தானே பார்த்தாள். வாய் கோணி, மயிர் கலைந்து, அப்பா அப்பா என்று கத்துகிறாள். சத்தம் மட்டும் இல்லை.

எட்டாம் நாள் செய்யும் எட்டுச்செலவுச் சடங்கில், செத்தவருக்குப் பிரியமானதெல்லாம் படைப்பார்கள். நிலாந்தி கோழிக்கால் வாங்கக் கடைக்குப் போனாள். கடையில் நிற்க இடமில்லை. விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சனம், பூட்டப்போகும் கடையைக் காப்பாற்ற வந்து வரிசையில் நின்றது. பின்பக்கம் அன்ரனிதாஸ் கதிரை போட்டு இருந்தார்.

"நல்ல நேரத்தில வந்தியள் அக்கா" என்றான் ஆரூரன். "அன்ரனிதாஸ் அண்ணை உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"அப்பாவின்ர எட்டு இண்டைக்கு. நான் கோழி எடுக்க வந்தனான்."

"ரெண்டு நிமிசம்" என்று தொலைபேசியை அவள் கையில் கொடுத்தான். திரையில் தியாகலிங்கம் தொப்பியோடு இருந்தார்.

"பிள்ளை, கொப்பர் செத்த சங்கதி கேள்விப்பட்டனான். நல்ல மனுசன்" என்றார்.

"அண்ணை, அண்டைக்கு நான் அழுதது அப்பாவுக்கு."

"எனக்கென்ன தெரியாதே? நானும் உந்த ஊரில பிறந்தனான்தானே. ஆனா உலகம் முழுக்கப் பாத்திட்டுது. இனிப் போய் அது செத்தவீடு எண்டு சொன்னால் கடைக்கெல்லோ கெட்ட பேர்." தியாகலிங்கம் கதையை இழுக்கவில்லை. "சம்பளம் கூட்டினால் கடை நிக்காது எண்டு விளங்கி, நாங்களே பழைய சம்பளம் போதுமெண்டு கேட்டனாங்கள், அதால கடை திறந்திருக்கு எண்டு கமராவுக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடும்."

"எனக்கு ஏலாது அண்ணை."

"ஏலாதெண்டால் விடும். ஒருத்தரையும் வில்லங்கப்படுத்த ஏலாது. உம்மட இடத்துக்கு ஆக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்."

நிலாந்தி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். அதில் வேறு யாரோ ஒருத்தி அரைப்பச்சையாகக் கோழியை எடுத்துக்கொண்டிருந்தாள். 'வீட்டில இருக்கிறாள்' என்ற சொல் அவள் காதில் தெளிவாகக் கேட்டது. இப்போது அந்த வீட்டில் தகப்பனும் இல்லை. அவள் போய்க் கதிரையில் இருந்தாள்.

"அண்டைக்கு ஏன் அழுதனீங்கள் அக்கா?" என்று அன்ரனிதாஸ் இரக்கத்தோடு கேட்டார்.

"வேலை போயிடுமெண்டு."

"வேற காரணம் ஒண்டும் இல்லையே?"

இது தேவையில்லாத கேள்வி. அவளுக்கும் அது விளங்கியது, கேட்டவருக்கும் விளங்கியது.

"இல்லை" என்றாள் நிலாந்தி.

"வடிவாச் சொன்னனீங்கள். இன்னொருக்கா, கமராவைப் பாத்து."

அவள் இன்னொருக்காவும் சொன்னாள். ஆரூரன் கோழிக்காலைப் பையில் போட்டுக் கொடுத்தான். "காசு வேண்டாம் அக்கா, மாமா குடுக்கச் சொன்னவர்." அதைத்தான் அன்று பின்னேரம் தம்பையாவுக்குப் படைத்தார்கள். தாய் இலையில் அதை எடுத்து வைத்தபோது, "எண்ணெய் கூடவோ தெரியேல்லை" என்று சொல்லி அழுதாள். நிலாந்திக்குக் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை.

அடுத்த மாதம் பழைய சம்பளமே வந்தது. மூவருக்கும்தான். "உம்மை நம்பிக் கேக்க விட்டதுக்கு எங்கட வாயிலயும் மண்ணைப் போட்டிட்டீர்" என்றாள் சயந்தினி. அதன்பிறகு அவள் நிலாந்தியோடு வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர வேறு சொல் பேசவில்லை. கடையோ கொழித்தது. வருகிறவர்கள் கோழிக்கு முன்னர் நிலாந்தியைத் தேடினார்கள். "நீங்கதானே அந்த அழுத அக்கா?" என்று பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். இலண்டனில் இருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைகளுக்குக் காட்ட ஒருதரம் அழுதுகாட்டச் சொல்லியும் கேட்டது. ஆரூரன் சிரித்துச் சமாளித்தான். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் கடல் தீர்த்தத்தில் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போக லீவு கேட்டாள். "சனிக்கிழமை அக்கா. உங்களைப் பாக்கவெண்டே ரெண்டு வான் வருது" என்றான் ஆரூரன். தாயும் இனத்தாரும் வான் பிடித்துப் போனார்கள். தம்பையாவுக்குப் பெறாமகன் முறையான ஒருவன் கடலில் இறங்கிக் கடன் கழித்தான். ஒரே மகள் கோழி பொரித்தாள்.

பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது தாய் கீரிமலையில் தோய்ந்த ஈரத்தலையோடு வாசல் குந்தில் இருந்தாள்.

"வானுக்குள்ள நீ கமராவுக்குச் சொன்ன கதையைப் போட்டுக் காட்டினவை" என்றாள் தாய். இதுவரை அவளிடம் அதைக் காட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்தியேட்டி வானுக்குள் மனம் வந்துவிட்டது.

"அது சும்மா சொன்னதம்மா. வேலைக்காக."

"ஓம். அதிலயும் நீ அதைத்தான் சொல்லுறாய். வேலைக்காக அழுததெண்டு."

தாய் சத்தம் போடவில்லை, கோபப்படவுமில்லை. நிசமாகவே தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அப்ப பிள்ளை, கொப்பருக்கு ஆர் அழுதது?"