டிரம் மண்ணில் பூத்த உப்பு

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. பாக்கெட் பாலைக்கூட மோந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பேன். மும்பை தாராவியில் எங்கள் வாசலில் கறிவேப்பிலை வைத்தபோது முதலில் டிரம்மைச் சந்தேகப்பட்டேன். பங்கார் என்கிற பழைய சாமான் கடையில் வாங்கிய பழைய நீல டிரம். அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்ததோ என்று சோப்புப் போட்டு நாலு தரம் தேய்த்தேன். அடியில் ஒரே ஒரு ஓட்டை போட்டேன். நிறையப் போட்டால் உரமெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும் என்று பயம்.

மண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை. எங்கள் சந்து உப்பங்கழியைத் தூர்த்து எழுப்பிய இடம். ஒரு சாண் தோண்டினால் செங்கல் ஜல்லி, தோல் நறுக்கு, அதற்கும் கீழே சேறு. அதனால் பக்கத்துச் சயானில் அஸ்திவாரம் தோண்டிய இடத்திலிருந்து இரண்டு கோணி மண் கொண்டுவந்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. அவ்வளவு கறுப்பாக இருந்தால் சத்தான மண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருந்தேன். கணவர் விடியலிலேயே உல்லாஸ்நகர் கடை வேலைக்குப் போய்விடுவார். பகலில் மாமியாருக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்தவர் அடுத்த வீட்டு அக்கா. காலையில் இட்லி விற்றுவிட்டு வந்து இதைச் செய்வார். பதிலுக்குச் சட்னி தாளிக்க என் செடியில் நாலு கொத்து கிள்ளிக்கொள்வார், அவ்வளவுதான். அவர் இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டியதுதான். இது தெரிந்தும் நான் கொத்துகளை எண்ணினேன்.

மழைக்காலம் முடிந்த சில மாதங்களில் இலை நுனி கருகத் தொடங்கியது. மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஒரு பிடி மண்ணைக் காகிதத்தில் மடித்துச் செம்பூரில் ஒரு நர்சரிக்குக் கொண்டுபோனேன். நர்சரிக்காரர் மண் விற்கப் பார்ப்பார் என்று பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் எதையும் விற்கவில்லை. மண்ணை நனைத்து உருட்டி, விரலால் அழுத்தினார். உடையாமல் நாடாபோல நீண்டது. இது களிமண், தண்ணீரை லேசில் கீழே விடாது, உள்ளே போனது உள்ளேயே கிடக்கும் என்று இந்தியில் சொன்னார். பிறகு வெள்ளைத் துகளை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"நமக் ஹை, பஹன். இஸ்மே டால்தி கியா ஹோ?"

உப்பாம். இதில் என்ன ஊற்றுகிறாய் என்று கேட்கிறார். உப்பு என்றதும் என் கண்ணில் நின்றது அக்காவின் மாவுப் பானை. தினமும் என் வாசலுக்குப் பக்கத்தில்தானே கழுவுகிறார்?

மறுநாள் காலை, குழாயடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"அக்கா, பானை கழுவுன தண்ணிய என் செடியிலயா ஊத்துதீய?"

"நான் எதுக்குட்டி ஊத்தப் போறேன்?"

"நர்சரிக்காரரே உப்புன்னு சொல்லிட்டாரு. வேற யாரு இங்க வாரா?"

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாதாடாமல் போனதால் உண்மைதான் என்று நான் முடிவு கட்டினேன்.

அன்று மதியம் அவர் வரவில்லை. மாலையில் நான் வந்தபோது மாமியார் நனைந்த துணியிலேயே கிடந்தார். "அவள என்னட்டி சொன்ன?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெளியே வந்தது கோபம்தான். அடுத்த நாளிலிருந்து மதிய இடைவேளையில் ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடினேன். இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார்.

செடி பட்டுப்போனது. அதே மண்ணில் புதுக்கன்று வைத்து, யாரும் கை வைக்க முடியாதபடி இரும்பு வலை கட்டினேன். அக்கா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஒரு மாதத்தில் புதுக்கன்றின் நுனியும் கருகியது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருவாடு அலசிய தண்ணீரோடு வாசலுக்கு வந்து வலை இடுக்கில் ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வலை கட்டிய பிறகு இதில் எதையும் ஊற்றுவது நான் ஒருத்திதான், கையில் இருப்பதும் உப்புத் தண்ணீர். கறிவேப்பிலைக்குக் கருவாட்டுத் தண்ணீர் ஊற்றினால் தழைக்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர் மண் செம்மணல். ஊற்றியது மறு நிமிடம் இறங்கிவிடும், மிச்ச உப்பை மழை கொண்டுபோகும். இங்கே களிமண், ஒற்றை ஓட்டை. வாரா வாரம் நான் ஊற்றிய உப்பு போக வழியில்லாமல் வேரிலேயே கிடந்திருக்கிறது. பாதிக்குப் பாதி மணல் கலந்து ஏழெட்டு ஓட்டை போட்டு, நல்ல தண்ணீர் மட்டும் விட்டிருந்தால் இரண்டு செடியும் பிழைத்திருக்கும்.

அப்போதே அக்கா வீட்டுக்குப் போனேன். உளுந்து அரைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்மேல்தான் என்றேன்.

"தெரியும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ ஊத்துததப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"பெறவு அன்னைக்கே ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன். அவர் மாவை வழித்துக்கொண்டே சொன்னார்.

"பெரியம்மாவுக்கு நாளையிலருந்து நான் வாரேன். அவுக கெடக்குத கெட எனக்குப் பொறுக்கல. நீ வாரதுக்கு முந்திப் போயிருவேன்."

சொன்னபடியே செய்தார். மாமியார் எழுந்து நடக்கும்வரை ஒரு நாளும் தவறவில்லை. இப்போதும் அடுத்த வீடுதான். தெருவில் எதிரே வந்தால் சிரிக்கிறார். எங்கள் வீட்டுக்கு மட்டும் நான் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறார்.