அரையிறுதிக்குப் போவார்களா?

விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவன் பாதி ஜோசியன். ஆரியசாலைக் கடைத்தெருவில் என் கடைக்குப் பந்து வாங்க வருகிறவர், மீதிச் சில்லறையோடு ஓர் ஆரூடமும் எதிர்பார்ப்பார். என்னைப் போலக் கல்லாவுக்குப் பின்னால் உட்காரும் வியாபாரிகளான உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். நான் ஹாக்கி ஆடியவனல்ல. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றதுதான்.

திரும்பி வந்த டேப்

இந்த சீசனில் எங்கள் கடைத்தெரு ஹாக்கி அணியின் மூத்தவர்கள் மூவரும் ஒரேயடியாக விலகினார்கள். தடுப்பாட்டக்காரர் ஒருவர் துபாய் போனார். இன்னொருவர் விதுராவில் ஹோட்டல் போட்டார். கோல்கீப்பர் தங்கராஜுக்கு முட்டி போனது. லீகில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அரையிறுதி. வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவது என்று முடிவு.

மட்டைக்குச் சுற்றும் டேப் வாங்க வந்த கேப்டன் ஜஸ்டின், "போவோமா?" என்று கேட்டான். "கஷ்டம்தான்" என்றேன். டேப்பைத் திருப்பி வைத்துவிட்டான். "அப்போ பழசே போதும் அண்ணாச்சி. கலைக்கப் போற டீமுக்கு எதுக்குப் புது டேப்பு?"

மூஞ்சியைப் பார்த்து

அன்று என் மனைவியை நினைத்துக்கொண்டேன். அவள் இருந்தவரை சாயங்காலம் கடையில் உட்காருவாள். யாரோ ஒரு கேப்டனிடம் நான் இப்படித்தான் உள்ளதைச் சொல்லி அனுப்பியபோது சொன்னாள்: "கேக்கிறவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. கணக்குப் பாக்கவா அவன் நம்ம கடைக்கு வாறான்?"

அடுத்த முறை ஜஸ்டினிடம், "போவீங்க" என்றேன். மொத்த அணிக்கும் டேப் வாங்கிப் போனான்.

கொஞ்சம் தெரியணும்

தங்கராஜ் மைதானத்துப் பக்கமே போகவில்லை. தினமும் என் கடையில் உட்கார்ந்து முடிவை மட்டும் விசாரிப்பார். அணி ஜெயித்தால் முட்டி வலி கூடிவிடும். தோற்றால் எனக்கு டீ வாங்கித் தருவார். ஒருநாள், "உங்க டீம்தானே?" என்று கேட்டேவிட்டேன்.

"தோக்கணும்னு நான் சொல்லல்லை. நான் இல்லைங்கிறது கொஞ்சம் தெரியணும், அவ்வளவுதான்."

கடைசி ஆட்டம்

கடைசி லீக் ஆட்டத்தில் டிரா செய்தாலே அரையிறுதி. அன்றைக்குத் தங்கராஜ், "சும்மா பாக்கத்தான், பின்னே என்ன" என்று என்னோடு வந்தார். புது கோல்கீப்பர் மகேஷ், ஸ்ரீவராகத்துப் பையன், கணினிக் கம்பெனியில் வேலை, வாய் திறக்காதவன். ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னர். பக்கத்தில் பார்த்தால் தங்கராஜைக் காணோம். கோலுக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு, "லெஃப்டு, ரைட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார். மகேஷ் எல்லாவற்றையும் தடுத்தான். டிரா.

மறுநாள் காலை தங்கராஜ் கடைக்கு வந்தபோது குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "முட்டிதான் போச்சு அண்ணாச்சி. டீமை இப்பவும் நான்தான் காப்பாத்துறேன்."

ஒத்தாசை

அன்று சாயங்காலம் ஹெல்மெட்டுக்குப் பட்டை வாங்க மகேஷ் வந்தான். பின்னால் நின்று ஒருவர் கத்தினாரே, கேட்டதா என்றேன்.

"அதுவா மாமா? எதிர் டீம் ஆள் குழப்பறார்னு நெனச்சேன். அவர் லெஃப்டுன்னா ரைட்டுக்குப் போனேன். ரொம்ப ஒத்தாசையா இருந்தது."

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. தங்கராஜுக்குத் தொண்டை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, கோலுக்குப் பின்னால் அதே இடத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மகேஷிடம் ஒன்றும் சொல்லவில்லை.