கோணலாகத் தெரிந்த நேர்ச்சுவர்

கலவை சுமக்கப் போய், யார் தயவும் இல்லாமல் தலையெடுத்தவர் எங்கள் கொத்தனார். பள்ளிக்கூடத்துக்கு மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனால் அவர் கண் இருக்கிறதே, அப்படி ஒரு கண்ணை நீங்கள் பார்த்திருக்க முடியாது. எவனாவது மட்டம் சரியா என்று சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால், "காத்துக்குமிழி வந்து சொன்னாத்தான் உனக்குத் தெரியுமா?" என்பார்.

அப்பேர்ப்பட்டவர், மகளைக் கொடுத்த வீட்டில் சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினார். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, ஒரு வரிசைக்கு அடுத்தது அரைக் கட்டம் தள்ளி. சம்பந்தியம்மாவின் ஆசை அது. முடித்துவிட்டு நாலடி பின்னால் வந்து நின்று பார்த்தார். வரிசைகள் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்து, ஆப்பு மாதிரிக் கிடந்தன.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். "என்ன சம்பந்தி, சரிஞ்சுக்கிட்டே போகுது?"

"ஈரம் காயட்டும், சரியாயிடும்."

"காய்ஞ்சா அதுவா நடந்து வந்து வரிசையில நிக்குமா?"

மகள் காலமெல்லாம் இந்தச் சுவருக்கு முன்னால் நின்று பேச்சு வாங்க வேண்டுமே! மேல் வரிசைகளைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார். மறுபடியும் ஆப்பு. வேறு வழியில்லாமல், பக்கத்து வீட்டுத் தச்சரிடம் ரசமட்டம் வாங்கிவரச் சொல்லி மருமகன் காதைக் கடித்தார்.

வைத்த இடத்திலெல்லாம் குமிழி நட்டநடுவில் நின்றது.

"அப்ப எது பொய், இதுவா உங்க கண்ணா?" என்றார் சம்பந்தியம்மா.

கொத்தனார் ஈரத் துண்டால் ஒரு வரிசையைத் துடைக்கத் தொடங்கினார். துண்டு மூடியதும், அதற்கு மேலிருந்த இணைப்புக் கோடு நூல் பிடித்தாற்போல் நேரானது. எடுத்தார், சரிந்தது. மூடினார், நிமிர்ந்தது.

"கறுப்பும் வெள்ளையும் சேந்து ஏமாத்துது சம்பந்தி. கண்ணுதான் ஏமாந்துச்சு. கை ஏமாறல."

"இருக்கட்டும். நேராத் தெரியற மாதிரி கொஞ்சம் கோணலா ஒட்டிக் குடுங்களேன்."

"அது மட்டும் என் கையால நடக்காது. வேற ஆளப் பாத்துக்குங்க."

சம்பந்தியம்மா சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு விருந்தாளி சமையலறையில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சம்பந்தியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க சம்பந்தி கைவேலை அது. கோணலாத் தெரிஞ்சா, நீங்க போயி டாக்டர்கிட்டதான் கண்ணைக் காட்டணும்."