ஜெயந்தி வண்டி

போன வாரம் என் வீட்டுக்காரர் தன் சிரித்த முகத்தாலேயே ஒரு வண்டியை மூச்சுத் திணற வைத்தார்.

நம்ப மாட்டீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் பற்றி இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். அவர் சமைப்பார். நான் ஆர்டர் பிடிப்பேன். மிச்ச நேரத்தில் இங்கே வந்து உங்களோடு பேசுவேன். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எங்கே பந்தல் போட்டாலும் அண்டா குண்டானோடு போய் இறங்குகிற பிழைப்பு. இத்தனை நாளும் வாடகை வண்டிதான். ஆனால் முகூர்த்த நாளில் வாடகை வண்டிக்காரர் மாப்பிள்ளையைவிட முறுக்காக இருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இந்த வருஷம் துணிந்து ஒரு பழைய பிக்கப் வாங்கினோம்.

விற்றவர் பேர் ஏழுமலை. கச்சிராயபாளையத்துக்காரர். பல வருஷமாகக் கல்வராயன்மலைக்கு லோடு ஓட்டியவர். முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று விற்றார். முன் கண்ணாடியின் மேல்பட்டையில் மஞ்சள் எழுத்தில் 'ஜெயந்தி' — அவர் மகள் பேர்.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "மலைப் பக்கம் போனா, யாரனா கை காட்டுனா நிறுத்திடுங்க. நின்னு நின்னு பழகின வண்டிங்க இது."

பழைய வண்டி வாங்குகிறவரிடம் சொல்கிற வார்த்தையா இது? அடிக்கடி நின்றுபோகும் வண்டி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து நேரே மெக்கானிக் கடைக்குத்தான் ஓட்டினோம்.

பழைய வண்டியும் கைக்குழந்தையும் ஒன்று. எதற்கு அழுகிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரி கேட்டது, வாங்கிக் கொடுத்தோம். பிரேக் ஷூ கேட்டது, அதுவும் ஆச்சு. அப்புறம் பின் டயர்... எல்லாம் முடிந்தது. பாக்கி ஒன்றுதான். 'ஜெயந்தி'யைச் சுரண்டிவிட்டு எங்கள் மகள் யாழினி பேரை ஒட்ட வேண்டும். பழைய வண்டி வாங்கினால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தானே? சேலத்து ஹாஸ்டலில் இருக்கும் மகளும் போனில் தினம் அதைத்தான் கேட்டாள். சீசன் வேலையில் தள்ளிக்கொண்டே போனது.

இந்த நேரத்தில்தான் மலையிலிருந்து ஒரு ஆர்டர். வெள்ளிமலைப் பக்கம் கல்யாணம். மலையில் எங்களுக்கு அதுதான் முதல் ஆர்டர். பெண்ணின் அம்மா போனில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "எங்க ஜனம் தூரத்துலேருந்து நடந்து வரும்ங்க. ஒருத்தரயும் பசியோட அனுப்பிடாதீங்க."

மலையில் பேர் எடுக்கிறோமே என்று என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தானே கைகூப்பிச் சிரிக்கிற மாதிரி ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். அதை வண்டியின் முகத்தில், பானெட் விளிம்பிலிருந்து பம்பர் வரை இழுத்துக் கம்பி போட்டுக் கட்டினார். டயருக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குப் பொட்டு, கற்பூரம்... சாஸ்திரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கூடச் சமைக்கும் மாஸ்டர்கள் முதல் பஸ்ஸில் மேலே போய்விட்டார்கள். அரிசி, காய்கறி, எண்ணெய், பாத்திரம் எல்லாவற்றோடும் நாங்கள் இரண்டு பேரும் விடிந்ததும் கிளம்பினோம்.

கச்சிராயபாளையத்தில் ஒரு பெண் ரோட்டுக்கு நடுவில் வந்து நின்று கை காட்டினார்.

"நேரம் போய்க்கினு இருக்குது, இன்னிக்குன்னு பாத்து..." என்று இவர் முணுமுணுத்தார். நான்தான் ஏழுமலை சொன்னதை ஞாபகப்படுத்தினேன். நிறுத்தினார். அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மூட்டையை அண்டாவுக்குள் போட்டுவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் எட்டிப் பார்த்தார்.

"ஏழுமலை அண்ணன் வரலீங்களா?"

வண்டியை நாங்கள் வாங்கிவிட்டதைச் சொன்னோம். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "செரி, போலாங்க" என்று எங்களுக்கு அனுமதி கொடுத்தார். அவர் பேர் வெள்ளையம்மா.

மலை ஏற ஏற வண்டி முக்க ஆரம்பித்தது. சூடு காட்டும் முள் மேலே போய்க்கொண்டே இருந்தது. மலையை முக்கால்வாசி ஏறியிருப்போம், ஒரு வளைவில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. வண்டி நின்றுவிட்டது.

மாஸ்டர்கள் மேலே வெறும் அடுப்போடு காத்திருக்கிறார்கள். சமைக்க வேண்டியதெல்லாம் இங்கே நடுரோட்டில். என் வீட்டுக்காரர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார். அவர் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. யாரைக் கூப்பிடுவது? சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. ஏழுமலைக்குப் போட்டேன்.

நான் சொல்லி முடிக்கவில்லை. "முன்னாடி எதனா கட்டி வெச்சிக்கினு இருக்கீங்களா?" என்றார்.

நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார். ஃப்ளெக்ஸில் இருந்தவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு தபா வாழமரம் கட்டிக்கினு போயி மாட்டிக்கினேங்க. ரேடியேட்டருக்குக் காத்தே போவலன்னா அது இன்னா பண்ணும்? அவுத்துடுங்க. மூடியத் தெறந்துடாதீங்க, ஆறட்டும். பக்கத்துல யாரு இருக்காங்க?"

வெள்ளையம்மாவிடம் போனைக் கொடுத்தேன். "ம்... ம்... செரிண்ணா." அவ்வளவுதான். போனை என் கையில் வைத்துவிட்டுக் குறுக்குப் பாதையில் மேலே ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ஒரு ஊரே கூட வந்தது. பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடம். ஆண்கள் வந்த வேகத்தில் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினார்கள். காய்கறிக் கூடைகள் தலைமாற்றித் தலைமாற்றி மேலே போயின. கல்யாண வீடு அந்தப் பாதையில் கிட்டத்தில்தானாம். கத்திரிக்காயை நறுக்கவும் ஆள் தயார்.

ஒருவர் மட்டும் வண்டியைச் சுற்றி வந்து பக்கவாட்டில் தட்டிக் கொடுத்தார். "ஜெயந்தி வண்டியா நின்னுபோச்சு? எம் பையன் இதுலதாங்க பொறந்தான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறப்ப, பாதி வழியில."

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "இது இப்ப ஏழுமலை வண்டி இல்லீங்க. நாங்க வாங்கிட்டோம்" என்றார். ஏமாற்றி வேலை வாங்குகிற மாதிரி உறுத்தியிருக்கிறது அவருக்கு.

தட்டிக் கொடுத்தவர் எண்ணெய் டின்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வண்டி அதே வண்டிதானுங்களே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆறிய ரேடியேட்டரில் குடத்துத் தண்ணீரை ஊற்றியதும் வண்டியும் மிச்சப் பாத்திரங்களோடு மேலே ஏறிவிட்டது. பந்தி கொஞ்சம் தாமதம்தான். ஆனால் வடை, பாயசத்தோடு எல்லோரும் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்தியில் பெண்ணின் அம்மாவே என்னை உட்கார வைத்துப் பரிமாறினார். "ஒருத்தரும் பசியோட போவலீங்க" என்றார். அந்தச் சாம்பார் சோற்றை நான் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அத்தனை நிறைவாக இருந்தது மனசு.

பழைய வண்டி வாங்கும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், டயர் தேய்மானம், எஞ்சின் புகை... யாரெல்லாம் இதில் ஏறினார்கள், ஏறியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்திருப்போமா? நாங்கள் விசாரிக்கவில்லை. ஏழுமலை பல வருஷமாக நின்று நின்று சேர்த்த நன்றியெல்லாம் அந்த வண்டியிலேயே இருந்தது. அதையும் சேர்த்தே எங்களிடம் விட்டிருக்கிறார். அந்த மனுஷனுக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

இறங்கும்போது கை காட்டிய இடமெல்லாம் என் வீட்டுக்காரர் நிறுத்தினார். வீடு வந்து சேர்ந்தபோது அண்டாவுக்குள் யாரோ வைத்த பலாப்பழம் ஒன்று இருந்தது. சாயங்காலம் ஏழுமலை போன் செய்தார். "ஜெயந்தி பத்திரமா வூடு வந்துடுச்சுங்களா?"

ஃப்ளெக்ஸ் இப்போது எங்கள் விறகை மூடியிருக்கிறது. அங்கேயும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நேற்று ஒருவழியாக ஸ்டிக்கர் கடைக்குப் போனோம். 'யாழினி' தயாராக இருந்தது. கடைக்காரர் பிளேடை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போனார். "பழைய பேர சொரண்டிடலாங்களா?"

என் வீட்டுக்காரர் பிளேடைப் பிடித்துக்கொண்டார். "அது மூத்த பொண்ணுங்க. சின்னவளக் கீழ ஒட்டுங்க."