அறுபது சுற்று

“இதுல என்ன போட்டிருக்கான்னு படி,” என்று சேக் தாவூது ஒரு வண்ணத் தாளைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மகள் பதுருன்னிசா படித்துத் தமிழில் சொன்னாள். சிறு விமானங்களின் எஞ்சினுக்குப் புதுமாதிரிக் காற்று வடிகட்டி வந்திருக்கிறது. நுரை ரப்பரால் ஆனது. விமானத்தோடு வந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் காற்று தாராளமாக உள்ளே போகும், எஞ்சினுக்குப் பலம் கூடும்.

“எவ்வளவு கூடும்னு போட்டிருக்கா?”

“நம்பர் இல்லை அத்தா. ‘வியக்கத்தக்க அளவு’ன்னுதான் இருக்கு.”

“அப்படி ஒரு கோடு நம்ம மீட்டர்ல இல்லையே.”

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை.

“பொய்யா அத்தா?”

“மாட்டிப் பார்த்தாத் தெரியும். மானேஜர் தங்கராஜு ஒண்ணு வாங்கிட்டாரு. நாளைக்கு மாட்டணும். மீன் இன்னும் இருக்கா?”

“இருக்கு. வைக்கட்டுமா?”

“வேணாம். சும்மா கேட்டேன்.”

அது 1963ஆம் ஆண்டு, மே மாதம். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் குடியிருந்தார்கள். சேக் தாவூது முத்துப்பேட்டையிலிருந்து கப்பலேறி வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. காலாங் விமானத் தளத்தில் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டினார். போர் முடிந்த பிறகு பழுதுபார்க்கும் கொட்டகையில் நின்று பார்த்தே எஞ்சின் வேலையைக் கற்றுக்கொண்டார். வாய்மொழிப் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறி மெக்கானிக் உரிமம் வாங்கினார். பாயா லேபாரில் ஐந்து சிறு விமானங்கள் வைத்திருந்த ஒரு கிளப்பில் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் தரையைவிட்டு எழும்பாது. ஆங்கிலத்தில் அவர் தன் கையால் எழுதும் வார்த்தைகள் சில உண்டு. பதிவேட்டுக்கு அவை போதும். கழுவியாயிற்று என்பதற்கான ‘கிளீன்ட்’ அவற்றில் ஒன்று. நீளமாக எழுத வேண்டியவற்றைப் பதுருன்னிசா எழுதுவாள். அவள் பகலில் ஆங்கிலப் பள்ளியிலும் மாலையில் தமிழ்ப் பள்ளியிலும் படித்தவள்.

அவள் தாய் சம்சுன்னிசா ஜனவரியில் மௌத்தாகிவிட்டாள். நான்காம் நாள் சேக் தாவூது வேலைக்குப் போனார். அதே பஸ், அதே சோற்றுத் தூக்கு. மனுஷன் தேறிவிட்டார் என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். பதுருன்னிசாவும் அப்படித்தான் நினைத்தாள். அவளும் தினமும் இரண்டு கறி வைத்தாள். எது உப்புக் கூடியது, எது குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, விமானத்தை நிறுத்தி வைத்தபடியே எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டார். பழைய வடிகட்டியோடு நிமிடத்துக்கு 2240 சுற்று. புதியதை மாட்டினார். 2300.

கிளப் மானேஜர் தங்கராஜு துள்ளிக் குதித்தார். “அறுபது சுத்து லா, பாய்! இனிமே அந்தக் குட்டையான புல்தரை ஓடுபாதையிலயும் நாலாவது ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பலாம். மூணு பேரோட போறதுக்கே இவ்வளவு நாளா மூக்கால அழுதோம். நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அஞ்சு விமானத்துக்கும் ஆர்டர் குடுத்துடறேன்.”

“ரெண்டு நாள் குடுங்க.”

“எதுக்கு? மீட்டர் பொய் சொல்லுதா?”

“மீட்டர் பொய் சொல்லல,” என்றார் சேக் தாவூது.

பழைய வடிகட்டி வலைபோல இருக்கும். மாதம் ஒருமுறை அதைப் பெட்ரோலில் அலசி, எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். அன்று மதியம் அதை அலசினார். பெட்ரோல் சேற்று நிறமானது. லாலாங் புல்லின் பஞ்சும் தும்பியின் சிறகுகளும் மிதந்தன. மறுநாள் அதே நேரத்தில், அதே வெயிலில், கழுவிய பழைய வடிகட்டியை மாட்டி எஞ்சினை ஓட்டினார். 2300. புதியதை மாட்டினார். அதே 2300. மறுபடி மாற்றி மாற்றிப் பார்த்தார். முள் அசையவில்லை.

புதிய சாமான் எதையும் கூட்டவில்லை. பழையதில் அடைத்திருந்த அழுக்குதான் அறுபது சுற்றைத் தின்றிருந்தது. ஆனால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் வடிகட்டி கழுவப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. மூன்றும் அவர் கையெழுத்து.

பலம் கூடியதென்று எழுதினால், இல்லாத பலத்தை நம்பி நாலாவது ஆள் ஏறுவார். உள்ளதை எழுதினால் உரிமம் போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய அறிக்கை திங்கட்கிழமை போனது. தங்கராஜு அதை இரண்டு முறை படித்துவிட்டு, “என்ன பாய் இப்படிப் பண்ணிட்டீங்க,” என்றார். எதைச் சொன்னார் என்று அவரும் விளக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆர்டர் நின்றது, நாலாவது ஆள் ஏறவில்லை. ஒரு மாதம் கழித்து உரிமத்தைத் திருப்பித் தரும்படி கடிதம் வந்தது. அதையும் பதுருன்னிசாதான் படித்துச் சொன்னாள். “சரி,” என்றார். ஜாலான் புசாரில் கார் பட்டறை ஒன்றில் சேர்ந்து, லாரி எஞ்சின்களைப் பிரித்துக் கோத்தே மீதிக் காலத்தைக் கழித்தார். விமானச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வெறுப்பு என்றும் அதைச் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், சோற்றுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு இருவரும் எழுத உட்கார்ந்தார்கள். அளவுகளை வரிசையாக எழுதி முடித்ததும், வடிகட்டியைக் கழுவுவது மூன்று மாதம் கவனக்குறைவால் விடுபட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். அப்படி எழுதினால் யார் என்ற கேள்வி சற்று மங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் அதில் தனக்குத் தெரியாத ஒரு வார்த்தையில் விரலை வைத்தார். “இது என்ன?”

“ஓவர்லுக்ட். கவனிக்காம விட்டதுன்னு அர்த்தம்.”

“கவனிச்சேன்மா. மாசாமாசம் கையில எடுத்தேன். அழுக்குத் தெரிஞ்சுது. அப்படியே திருப்பி மாட்டிட்டு எழுதி வெச்சேன்.”

“ஏன் அத்தா?”

“தெரியல. கை போகல.”

பேனாவை மூடினாள். திறந்தாள். “அம்மா மௌத்தானதை ஒரு வரி எழுதட்டுமா? தெரிஞ்சா கொஞ்சம் இரக்கம் பார்ப்பாங்க.”

அவர் தாளை அவள் பக்கமே தள்ளினார்.

“அவ பேரு இதுல வேணாம். நான் கழுவல, கழுவினதா எழுதிட்டேன். இந்த ரெண்டை மட்டும் நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடும்மா.”