இரண்டாவது இடத்தில் நின்ற வினைச்சொல்

தோங்யோங் துறைமுகத்தில் ஐஸ் ஆலை வைத்திருக்கும் மா தால்சூ, ஐம்பது வயதுவரை ஒரு வாக்கியத்தையும் துணிந்து முடித்தவர் இல்லை. பழியை அவர்மேல் மட்டும் போடக்கூடாது, எங்கள் கொரிய மொழியும் உடந்தை. வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது! "இந்த விலைக்கு ஐஸ் தர..." என்று இழுப்பார். ஏலக்காரர் முகம் சுளித்தால் போதும், "...மாட்டேன்னா சொல்லப்போறேன்? தர்றேன்" என்று முடித்துவிடுவார்.

ரெமெடியோஸ் டீச்சரிடமும் இதே கதைதான். பிலிப்பைன்ஸிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் காலமான பிறகும் ஊரைவிட்டுப் போகாமல், நகராட்சி மாடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். தால்சூவுக்கு அவர்மேல் உயிர். "நான் டீச்சர..." என்று படிக்கட்டில் ஆரம்பிப்பார். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "...பஸ் ஸ்டாப்ல விட்டுரட்டுமா?" என்று முடியும். வண்டியில் ஏறும்போதெல்லாம் டீச்சர் பெருமூச்சு விட்டார். அது இந்த மனிதரின் காதில் விழவில்லை.

இப்போது டீச்சரின் தங்கை, பிலிப்பைன்ஸில் இருக்கும் சொந்த ஊர் இலோயிலோவுக்கே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அறுவடைத் திருநாள் முடிந்ததும் வீட்டைக் காலி செய்வதாகப் பேச்சு. தால்சூவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஒரு பயிற்சி. ஆளுக்கொரு சொல் அட்டை. எல்லாரும் வரிசையாக நின்று வாக்கியமாக வேண்டும். பச்சைமீன் கடை பொங் அக்காவுக்கு 'ஐ' கிடைத்தது, முதலில் போய் நின்றாள். டாக்சி ஓட்டும் குவாக்குக்கு 'ரைஸ்'. தால்சூவுக்கு 'ஈட்'. அவர் கால் தானாகவே வரிசைக் கடைசிக்குப் போனது.

"முதலாளி, உங்க இடம் அங்க இல்ல." டீச்சர் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பொங் அக்காவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்கயா? இன்னும் என்ன விஷயம்னே சொல்லலையே டீச்சர்! எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாக்க வேணாமா?"

"வேணாம். 'நான்'னு சொன்னதுமே குதிச்சிடணும். தண்ணி இருக்கான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

தால்சூ வாயைப் பிளந்தபடி நின்றார். உலகத்தில் இப்படியும் பேசுகிறார்களா? கப்பல் மாலுமியும் காய்கறி விற்பவளும் சின்னப் பிள்ளைகளும்கூட, இரண்டாவது சொல்லிலேயே மனதைத் திறந்து வைத்துவிடுகிறார்களா? எத்தனை நெஞ்சுரம்! அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஆங்கிலேயர்கள் எல்லாரும் வீரர்கள் என்று பொங் அக்காவிடம் மறுநாள் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"வீரமாவது மண்ணாவது! நீயும் ஒரு வாட்டி குதிச்சுத் தொலையேன் தம்பி" என்றாள் அவள்.

கடைசி வகுப்பு வந்தது. ஒவ்வொருவரும் எழுந்து 'ஐ' என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தால்சூவின் முறை.

"ஐ..." என்றார். வழக்கம்போல டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"...லவ்..."

அவருடைய வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே நம்ப முடியவில்லை. கண்ணைத் திறந்தார், பயந்தார், கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டார்.

"...விண்டோ."

குவாக் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தான். பொங் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"வினைச்சொல் சரியா இருக்கு முதலாளி. அதுல கை வைக்காதீங்க. கடைசி வார்த்தைய மட்டும் மாத்திச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் டீச்சரை 'நீ' என்றாலும் தப்பு, 'நீங்கள்' என்றாலும் தப்பு. டீச்சர் என்றுதான் சொல்ல வேண்டும். தால்சூவுக்கு அந்தக் குட்டிச் சொல் மலை மாதிரி இருந்தது.

"யூ" என்றார்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதையோ அழித்தார், அங்கே அழிக்க ஒன்றுமில்லை. பிறகு கொரிய மொழியில் மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் இலோயிலோவுக்கு..."

வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வினைச்சொல்லுக்காகக் காத்திருந்தது. இத்தனை நாள் அவரை என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று தால்சூவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"...போகல" என்றார் டீச்சர்.