பாரூக் பாய் மாட்டிய புல்லி

தெருவில் போகிற வண்டியை முகமது பாரூக் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. காதைக் கொடுப்பதோடு சரி. திண்டுக்கல் பேகம்பூரில், வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி, "அந்த ஆட்டோவுக்கு பெல்ட்டு தேஞ்சுபோச்சு, செம்பட்டி தாண்டாது" என்பார். அனேகமாகத் தாண்டாது. வத்தலக்குண்டு சாலையில் முப்பது வருடம் மெக்கானிக் ஷெட் நடத்தியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. போன பேச்சு திரும்பிவிட்டது, வலக்கை திரும்பவில்லை. அது மடியில் கிடக்கும். அதில் ஈ உட்கார்ந்தால் இடக்கையால் விரட்டுவார்.

உலகம் அவருக்கு இன்னும் ஸ்பேனர் அளவில்தான் இருக்கிறது. வெண்டைக்காய் வாங்கப் போகும் மனைவியிடம், "பத்தாம் நம்பர் சைஸ்ல எடு. பதினாலுன்னா முத்தலு" என்று சொல்லி அனுப்புவார்.

மனைவி ஜெய்தூன் பீவி அவர் படுத்த பிறகு விசேஷ வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுக்கத் தொடங்கினாள். பின் சீட்டைக் கழற்றிவிட்ட பழைய வெள்ளைக் காரில் தேக்சா அண்டாக்களை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டிப் போவாள். முப்பது பேர், நாற்பது பேருக்கான சின்ன ஆர்டர்கள். முதல் முறையாக ஒரு பெரியது வந்தது: செம்பட்டிப் பக்கம் சோலைமுத்து என்ற விவசாயி வீட்டுக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை, முந்நூறு பேர். இது நல்லபடியாக முடிந்தால் அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் தன்னைத் தேடி வரும் என்று நம்பினாள்.

புதன்கிழமை காருக்கடியில் எண்ணெய் குளமாகத் தேங்கியிருந்தது. பாரூக் நாற்காலியிலிருந்தே நோயைச் சொன்னார். இன்ஜின் தண்டின் முனையில், பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால் எண்ணெய் கசியாமல் அடைத்திருக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல், கிழிந்துவிட்டது. புல்லியைக் கழற்றினால் சீலை மாற்றிவிடலாம். ஜெய்தூன் முந்தானையைச் செருகிக்கொண்டு ஜாக்கியை ஏற்றினாள். சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்றே நடு போல்ட்டை எடுத்துவிட்டாள். புல்லி மட்டும் அசையவில்லை.

டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தாள். உலை கொதிக்கும் பாத்திரத்திலிருந்து வெந்நீரைக் கொண்டுவந்து கொட்டினாள். "விளிம்புல தட்டாத, ஒடிஞ்சிரும்" என்று அவர் சொல்லச் சொல்ல மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினாள். அவரிடம் தொழில் பழகிய பிராங்க்ளினைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். ஆட்டுத்தலை வாட்டுகிற கேஸ் டார்ச்சைக் காட்டினால் இளகாதா என்றும் கேட்டாள். பெட்ரோல் வண்டியில் தீயா என்று அதட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு லேத் பட்டறை இருதயநாதன் மூன்று கால் புல்லரோடு வந்தார். நகம்போல வளைந்த கால்களால் புல்லியைக் கவ்வி வெளியே இழுக்கிற கருவி அது. அதற்கும் மசியவில்லை.

"ஊரு இன்ஜினெல்லாம் ஒங்க கைக்குப் பயந்து கெடந்துச்சு பாய். சொந்த வண்டி மட்டும் சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தவர், குனிந்து பார்த்துவிட்டு, "துரு பிடிச்ச மாதிரியும் தெரியலயே" என்றார்.

"மழைத்தண்ணி எறங்கியிருக்கும்" என்றார் பாரூக்.

இறங்கியிருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் அந்தப் புல்லியின் துளை தேய்ந்து ஆட்டம் கண்டது. புதுசு மதுரையிலிருந்து வரவேண்டும். ஷெட்டில் ஐந்து வண்டிகள் காத்துக் கிடந்தன. நம்ம வண்டிதானே என்று பால் பவுடர் டப்பாவிலிருந்து ஒரு தகரப் பட்டையை வெட்டித் தண்டில் சுற்றி, அதன்மேல் இரும்பை ஒட்டுகிற பசையைத் தடவிப் புல்லியை அடித்து இறக்கினார். வேறொருவர் வண்டிக்கு ஷெட்டில் யாராவது அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார். வண்டி ஒரு மாதிரி ஆடுகிறதே என்று முதலில் சொன்னது, அப்போதுதான் ஓட்டப் பழகியிருந்த ஜெய்தூன். ஓட்டத் தெரியாமல் ஓட்டினால் ஆடத்தான் செய்யும் என்று அன்று அவளிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பசை வெந்நீருக்கு மசியாது, தீச் சூட்டுக்குத்தான் இளகும். சூடு காட்டினால் தகரமும் வெளியே வந்துவிடும். வியாழனிலிருந்து அதை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை புல்லர் வழுக்கி, ஜெய்தூனின் விரல் முட்டிகள் நான்கும் தகட்டில் உரசிக் கிழிந்தன. துணியைச் சுற்றிக்கொண்டு வாடகை வண்டிகளுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். முகூர்த்த நாள், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சோலைமுத்துவைக் கூப்பிட்டாள். அவள் எண்ணைத் தேடி அழுத்தும்வரை பாரூக்குக்கு நேரம் இருந்தது.

"இல்லண்ணே, வண்டி எந்திரிக்கல. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க. எனக்குக் குடுத்து வைக்கல, அம்புட்டுதேன்."

அப்போதே வேறு ஆளைப் பேசிவிடுவதாக அவர் சொல்ல, போனை வைத்துவிட்டுக் காருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஜெய்தூனு" என்றார். "அது துரு இல்ல. பசை. நாந்தேன் போட்டேன். உள்ள தகரமும் வச்சிருக்கேன். சூடு காட்டுனா வந்துரும்."

அவள் திரும்பவில்லை. "எப்பருந்து தெரியும்?"

"மொதல்லருந்து."

விரலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினாள். பிறகு எழுந்துபோய் டார்ச்சை எடுத்துவந்தாள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், அதுபோலவே செய்தாள். கருகல் நெடி வந்தது. புல்லரை நான்கு திருப்பு திருப்பியதும் புல்லி சின்னச் சத்தத்தோடு கையில் வந்து விழுந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தண்டில் ஒட்டியிருந்த தகரப் பட்டையை ஆறவிட்டு இடுக்கியால் உரித்தாள். பால் பவுடர் டப்பாவின் பாதி எழுத்து இன்னும் அதில் தெரிந்தது. பாரூக் இடக்கையை நீட்டினார். அவள் கையில் கொடுக்கவில்லை. முந்தானையில் துடைத்து, கூரான முனைகளை உள்பக்கமாக மடித்து, அவர் சட்டைப் பையில் போட்டாள். பிறகு, காலையில் பூட்டிவிட மறந்திருந்த அவருடைய மேல் பொத்தானை, துணி சுற்றிய விரல்களால் இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை பூட்டிவிட்டாள்.